பன்னிரண்டுக்கு அடுத்த காம்பரா

இலங்கை மலையகத்தில், லுணுகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் கணிதம் படிப்பிக்கிறேன். பிறந்ததும் அதே தோட்டத்தில்தான். காம்பரா என்கிற பன்னிரண்டு ஒற்றை அறை வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் லயத்தில், ஆறாம் காம்பராவில், இன்னும் கொழுந்து பறிக்கப் போகிற அம்மாவோடு இருக்கிறேன். பட்டதாரி ஆசிரியை லயத்தில் இருக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேறு எங்கே இருக்கலாம் என்று அவர்களில் ஒருவரும் இதுவரை சொன்னதில்லை.

என் மேல் ஒருமுறை விசாரணை நடந்தது. பிள்ளையை அடித்ததற்காகவோ, லீவு போட்டதற்காகவோ இல்லை. முடிவில்லாத ஒன்றைப் பற்றி வெண்கட்டியால் எழுதியதற்காக.

எங்கள் பாடசாலைக்கு வெளியே, தோட்டத்து ரோட்டைப் பார்த்தபடி, சின்னத் தகரக் கூரையின் கீழ் ஒரு கரும்பலகை நிற்கிறது. அதன் தலையில் "அறிவித்தல்" என்றும் காலடியில் "அதிபரின் அனுமதியுடன்" என்றும் மஞ்சள் பெயின்டால் எழுதியிருக்கும். அவை அழியாது. நடுவில் உள்ள இடம் மட்டும் வெண்கட்டிக்கு உரியது. கிளினிக் நாள், தண்ணீர் வராத நாள், பெற்றோர் கூட்டம் எல்லாம் அதில் வரும். மற்ற நாட்களில் சும்மா கிடக்கும். அதைப் பார்த்து எனக்குத்தான் கை அரித்தது.

"வாரம் ஒரு புதிர் எழுதட்டுமா சார்?" என்று அதிபரிடம் கேட்டேன்.

அதிபர், அதாவது எங்கள் தலைமை ஆசிரியர், நல்ல மனிதர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அந்த இரண்டு வருடத்தில் எதுவுமே நடக்காமல் இருந்தால் போதும் என்பதுதான் அவருடைய நிர்வாகக் கொள்கை.

"புதிர்னா, பிரச்சினை ஒண்ணும் வராதே டீச்சர்?"

"கணக்குத்தான் சார்."

"கணக்குன்னா எழுதுங்க. கணக்கை யாரு படிக்கப் போறா?"

ஆனால் படித்தார்கள். முதல் வாரம், ஒன்று, இரண்டு, மூன்று என்று போகும் எண்கள் அதிகமா, இரண்டு, நான்கு, ஆறு என்று போகும் எண்கள் அதிகமா என்று எழுதினேன். இரண்டும் சமம் என்று இரண்டு நாள் கழித்து விடை போட்டேன். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அதன் இரட்டிப்பை நிறுத்திப் பாருங்கள், ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு நான்கு, மூன்றுக்கு ஆறு. எந்தப் பக்கத்திலும் ஜோடியில்லாமல் ஒருவரும் நிற்கப் போவதில்லை என்று விளக்கமும் எழுதினேன். ரோட்டில் போனவர்கள் நின்று படித்துவிட்டு, டீச்சருக்கு உடம்புக்கு என்ன என்று அம்மாவிடம் விசாரித்தார்கள்.

அம்மா வீட்டுக்கு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாதியும் முழுசும் ஒண்ணுன்னு எழுதியிருக்கியாமே?"

"முடிவில்லாததுல அப்படித்தாம்மா."

"அப்ப நாளைக்கு பெரட்டுக்கு வந்து அதைச் சொல்லு. கொழுந்து எடை குறைஞ்சா எங்களுக்கு அரை நாள் சம்பளம்னுதான் பேர் போடுறாங்க."

பெரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம். நான் போகவில்லை. முடிவிலியை அங்கே ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

கார்த்திகை மழை தொடங்கிய வாரத்தில்தான் லயத்துப் புதிரை எழுதினேன். இதை வெளிநாட்டுக்காரர்கள் ஹோட்டலை வைத்துச் சொல்வார்கள். எங்கள் பிள்ளைகளில் ஹோட்டலில் தங்கியவர் யாருமில்லை. லயம் என்றால் எல்லோருக்கும் புரியும் என்று நினைத்தேன். அந்த அளவுக்குப் புரியும் என்று நினைக்கவில்லை.

பலகையின் இடது பக்கத்தில் திங்கட்கிழமை கேள்வியை எழுதினேன். "ஒரு லயம். ஒன்று, இரண்டு, மூன்று என்று முடிவே இல்லாமல் காம்பராக்கள். எல்லாவற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள். புதிதாக ஒரு குடும்பம் வருகிறது. யாரையும் தெருவில் விடாமல் அவர்களுக்கு எப்படி இடம் கொடுப்பீர்கள்?" புதன்கிழமை வலது பக்கத்தில் விடையை எழுதினேன். "ஒவ்வொரு குடும்பமும் தனக்கு அடுத்த காம்பராவுக்கு மாற வேண்டும். அப்போது முதலாம் காம்பரா காலியாகும்."

அன்று மத்தியானம் மழை அடித்தது. பலகைக்கு மேலே இருந்த தகரம் இடது மூலையில் ஒழுகுகிற தகரம். கேள்வி முழுவதும் கழுவிக்கொண்டு போய்விட்டது. விடை மட்டும் நல்ல தெளிவாக மிஞ்சியது. கொழுந்தை எடை போட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்த பெண்கள் பார்த்தபோது பலகையில் இருந்தது இவ்வளவுதான்:

அறிவித்தல். ஒவ்வொரு குடும்பமும் தனக்கு அடுத்த காம்பராவுக்கு மாற வேண்டும். அப்போது முதலாம் காம்பரா காலியாகும். அதிபரின் அனுமதியுடன்.

நான் அன்று ஒரு வேலையாகப் பதுளைக்குப் போய்விட்டு, பஸ்ஸில் ஆறு மணிக்குத்தான் இறங்கினேன். லயத்தில் சத்தம் பாதை வரைக்கும் கேட்டது. எங்கள் காம்பரா வாசலில் அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏழாம் காம்பராவுக்குப் போகணுமாம். அங்க கூரையெல்லாம் ஓட்டை. நான் போகமாட்டேன். எவன் வந்து சொன்னாலும் போகமாட்டேன்."

"யாரும்மா போகச் சொன்னா?"

"ஸ்கூல் போர்டுல போட்டிருக்காம். உனக்குத் தெரியாதா? நீயெல்லாம் என்ன டீச்சர்?"

விளக்கிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். கேட்கும் நிலையில் யாரும் இல்லை. மூன்றாம் காம்பரா அக்கா போன வருடம்தான் புது சீமெந்துத் தரை போட்டிருந்தார். அந்தத் தரையில் இரண்டாம் காம்பராக்காரி நடப்பதா என்று அழுதுகொண்டிருந்தார். ஒன்பதாம் காம்பராவும் பத்தாம் காம்பராவும் ஐந்து வருடமாகப் பேசுவதில்லை. ஒருத்தி சமைத்த அடுப்பில் மற்றவள் சமைக்கப் போவதாக இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய கேள்வி லயத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது: காலியாகப் போகிற முதலாம் காம்பரா யாருக்கு?

அதற்கு ஆளாளுக்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். கடைசியில் எல்லாப் பதிலும் தோட்டத் தலைவரிடம் போய் நின்றன. தலைவர் தொழிற்சங்கத்துக்குத் தோட்டத்தில் பொறுப்பானவர். அவருடைய மகளுக்கு அந்த மாதம்தான் கல்யாணம் பேசியிருந்தார்கள். மருமகனுக்குக் காம்பரா தேடுகிறார் என்று முடிவுகட்டிவிட்டார்கள். பாவம், அந்த மனிதருக்கு நான் புதிர் எழுதுவதே தெரியாது.

மறுநாள் காலை அதிபர் தன் கையாலேயே பலகையைத் துடைத்தார். அதைப் பார்த்தவர்கள், ஆதாரத்தை அழிக்கிறார்கள் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக் களத்தில் கூட்டம். தலைவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கோபம் வருகிற கூட்டங்களுக்கு அவர் வெள்ளைச் சட்டைதான் போடுவார். என்னை முன்னால் கூப்பிட்டு, "டீச்சர், நீங்களே சொல்லுங்க. இது என்னா?" என்றார்.

நூறு பேர் முன்னால் முடிவிலியை விளக்கினேன். பல்கலைக்கழகத்தில்கூட எனக்கு இப்படி ஒரு வகுப்பு அமைந்ததில்லை, ஒருவர்கூடத் தூங்கவில்லை.

"இது நெசமான லயம் இல்லைங்க. கற்பனை. அந்த லயத்துக்கு முடிவே கிடையாது. ஒண்ணாம் காம்பரா ரெண்டுக்குப் போகும், ரெண்டு மூணுக்குப் போகும். அப்படியே போய்க்கிட்டே இருக்கும். ஒருத்தரும் வெளியில நிக்க மாட்டாங்க."

பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. பன்னிரண்டாம் காம்பரா அண்ணன். தேயிலை ஆலையில் வேலை செய்கிறவர், ஐம்பதைத் தாண்டியவர். கூட்டங்களில் வாயே திறக்காதவர். எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"தங்கச்சி, எல்லாரும் அடுத்த காம்பராவுக்குப் போறாங்க, சரி. கடைசி காம்பராக்காரன் எங்க போறது?"

"அந்த லயத்துல கடைசி காம்பராவே கிடையாதுண்ணே."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நான் எங்க இருக்கேன்?"

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பன்னிரண்டாம் காம்பராவுக்குப் பின்னால் மண் திட்டு. முந்திய வருட மழையில் அந்தத் திட்டு வெடித்து, விரல் போகிற அளவுக்கு ஒரு கோடு விழுந்திருந்தது. அவருக்கு அடுத்த காம்பரா என்றால் அந்தத் திட்டுத்தான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் அந்த நிமிடம் என் மண்டையில் இருந்தது விடை மட்டும்தான். "கற்பனைதாண்ணே" என்று மறுபடியும் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் வேறு கேள்விகள் வந்தன. முடிவில்லாத லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் எத்தனை என்று ஓர் அக்கா கேட்டார். நான் பதில் சொல்லும் முன்பே பக்கத்திலிருந்தவர், "ஒண்ணுதான், வேற என்ன?" என்றார். கக்கூஸ் எத்தனை என்று கேட்டதற்கும் அதே பதில் வந்தது.

தலைவர் எழுந்து தொண்டையைச் செருமினார். "நாங்க தனி வீடு, தனி வீடுன்னு எத்தனை காலமா கேட்டுக்கிட்டு இருக்கோம். டீச்சர் என்னடான்னா லயத்தை முடிவில்லாம நீட்டுறாங்க. நாளைக்கு மேல இருக்கிறவங்க இதைப் பார்த்துட்டு, அட, இது நல்ல வழியா இருக்கே, புது வீடே கட்டத் தேவையில்லன்னு எடுத்துக்கிட்டா, யாரு பொறுப்பு?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்ததை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். என் லயத்தில் எவ்வளவு பேர் வந்தாலும் இடம் உண்டு. மேலே இருக்கிறவர்கள் எங்கள் லயத்தைப் பற்றியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. "முடிவில்லாத லயத்தை இத்தோட்ட மக்கள் வன்மையாகக் கண்டிப்பதுடன், அதனை உடனடியாக முடிவுக்குக் கொண்டுவருமாறும் கேட்டுக்கொள்கின்றனர்." அதைச் சுத்தமாக எழுதிக்கொடுத்தது நான்தான். தோட்டத்தில் எந்தக் கடிதமானாலும் என்னிடம்தான் வரும். இது மட்டும் எப்படி வேறு வீட்டுக்குப் போகும்? எழுத்துப் பிழை இல்லாமல் என்னைக் கண்டித்து, ஆறு பிரதிகள் எடுத்து, உறை ஒட்டிக்கொடுத்தேன்.

ஆறில் ஒன்று சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டு வாரத்தில் அதிபருக்கு மேலிடத்திலிருந்து பதில் வந்தது. அவர் அதை ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்து, நின்றபடியே வாசித்தார். அடுத்த வாரம் திங்கள் முதல் வெள்ளி வரையான ஐந்து நாட்களில் ஒரு நாள் பாடசாலையில் விசாரணை நடைபெறும். எந்த நாள் என்பது அந்த நாள் வரும்வரை பாடசாலைக்குத் தெரிந்திருக்காது.

அதிபரின் முகத்தில் ரத்தம் இல்லை. "அஞ்சு நாளும் மாலை கட்டி வைக்கிறதா? அஞ்சு நாளும் கேக் வாங்கி வைக்கிறதா? என்னா டீச்சர் இது?"

என்னால் வந்த வினை. அவரை எப்படியாவது ஆறுதல்படுத்த வேண்டும் என்று, "சார், இந்தக் கடிதப்படி விசாரணையே நடக்க முடியாது" என்றேன்.

"எப்படி?"

"வெள்ளிக்கிழமையை எடுங்க. வியாழக்கிழமை ஸ்கூல் விடுற வரைக்கும் யாரும் வரலைன்னா, மிச்சம் இருக்கிறது வெள்ளி மட்டும்தான். அப்ப நமக்கு முன்கூட்டியே தெரிஞ்சுடும். தெரியாதுன்னு கடிதம் சொல்லுது. அதனால வெள்ளி இல்லை."

"ஆமா."

"வெள்ளி இல்லைன்னா, வியாழன்தான் கடைசி நாள். புதன்கிழமை முடிய யாரும் வரலைன்னா, அதுவும் முன்கூட்டியே தெரிஞ்சுடும். அதனால வியாழனும் இல்லை."

அதிபர் கதிரையில் உட்கார்ந்தார். விரலை மடக்கத் தொடங்கினார். "அப்படின்னா புதனும் இல்லை. செவ்வாயும் இல்லை." முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "திங்களும் இல்லை! டீச்சர், அவங்க வரவே முடியாது!"

"கணக்குப்படி முடியாது சார்."

இந்த வாதத்தில் எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது. அது சரியாக எங்கே என்று படித்தவர்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதை நான் அதிபரிடம் சொல்லவில்லை. பல நாளைக்குப் பிறகு அவர் அன்றுதான் சிரித்தார். கெடுக்க மனம் வரவில்லை.

திங்கள் யாரும் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அதிபர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மரியாதையோடு தலையசைத்தார். புதன்கிழமை காலை மழை விட்டிருந்தது. அறிவித்தல் பலகைக்கு மேலே ஒழுகுகிற தகரத்தைச் சரிசெய்யலாம் என்று, காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு அவரே ஏணியில் ஏறினார். தார் பூசிய கையோடு அவர் மேலே நின்றபோது கீழே ஒரு ஆட்டோ வந்து நின்றது. கையில் கோப்போடு ஒருவர் இறங்கினார்.

"இந்தாப்பா, அதிபர் எங்க இருக்கார்? விசாரணைக்கு வந்திருக்கேன்."

அதிபர் ஏணியிலிருந்தே திரும்பிப் பார்த்துக் கத்தினார். "வர முடியாதே சார்!"

கடிதம் சொன்னது அப்படியே நடந்தது. அன்று வருவார்கள் என்று எங்களில் ஒருவருக்குமே தெரிந்திருக்கவில்லை.

மாலையும் இல்லை, கேக்கும் இல்லை. பக்கத்துக் கடையில் வாங்கிய பிஸ்கட்டும் வெறுந்தேத்தண்ணியும் கொடுத்தோம். அதிகாரி பதுளையிலிருந்து வந்தவர். நாற்பது வயதிருக்கும், மென்மையாகப் பேசினார், அது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. ஆசிரியர் அறையில் என்னை எதிரே உட்காரவைத்து, ஒரு படிவத்தை விரித்தார்.

"நீங்க எழுதின லயம் இந்தத் தோட்டத்துல இருக்கா?"

"இல்லை சார். எங்கயும் இல்லை."

"இல்லாத லயத்தைப் பத்தி அறிவித்தல் போட்டிருக்கீங்க." எழுதிக்கொண்டார். "மொத்தம் எத்தனை காம்பரா?"

"முடிவில்லாத அளவு சார்."

"அப்படி எழுத முடியாது. எண்ணிக்கைன்னு மூணு கட்டம் இருக்கு."

"மூணு கட்டத்துல அடங்காது சார்."

அவர் கட்டங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்பது, ஒன்பது, ஒன்பது என்று எழுதினார். "இருக்கிறதுல பெரிசு இதுதான்" என்றார் சமாதானமாக. முடிவிலியின் பெறுமதி தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று என் சுயவிவரக் கோப்பில் இன்றைக்கும் இருக்கிறது.

அடுத்த கேள்விகளும் அப்படித்தான் போயின. எல்லாக் காம்பராவும் நிறைந்திருந்ததா? ஆம். அப்படியானால் புதிய குடும்பத்துக்கு இடம் இருந்ததா? ஆம். "டீச்சர், நிறைஞ்சிருக்கு, இடமும் இருக்கு. ரெண்டையும் நான் எப்படி எழுதுறது? ஒண்ணுக்கொண்ணு முரண் இல்லையா? படிச்சுப் பார்க்கிறவங்க என்னைத்தானே கேப்பாங்க?" அரை மணி நேரம் விளக்கினேன். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இந்த மாதிரி முரணான ஒரு வசனத்தைத் தன் சேவைக் காலத்தில் பார்த்ததில்லை என்றார்.

அப்போதுதான் கதவருகே பன்னிரண்டாம் காம்பரா அண்ணன் வந்து நின்றார். பதுளையிலிருந்து பெரியவர் ஒருவர் லயத்தைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறார் என்று யாரோ சொல்ல, ஆலையில் அரை மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு ஓடி வந்திருந்தார். பொலித்தீன் உறைக்குள் மடித்த ஒரு கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

"இது வேற விசாரணைண்ணே" என்றேன். அதிகாரி அதற்குள் கையை நீட்டி வாங்கிவிட்டார். ஏதோ ஒரு காரியாலயத்துக் கடிதம். மேலே சிங்களத்திலும் கீழே தமிழிலும் இருந்தது. மண் சரியும் அபாயம் உள்ளதால் நீங்கள் உடனடியாக இவ்விடத்தை விட்டு வெளியேற வேண்டும். மாற்று இடம் வழங்கப்படும்வரை தற்போது வசிக்கும் இடத்தை விட்டு வெளியேறக் கூடாது. வெளியேறினால் வீட்டுக்கான பெயர்ப் பட்டியலிலிருந்து நீக்கப்படுவீர்கள்.

அதிகாரி ஒரே மூச்சில் வாசித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "தெளிவாத்தானே இருக்கு. இதுல என்ன சந்தேகம்?"

"நான் என்ன செய்யணும்ங்க?"

"இதுல சொல்லியிருக்கிறதைச் செய்யுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், உடனே போகணும், போகவும் கூடாது. ரெண்டையும் எப்படிச் செய்யிறது?"

"ரெண்டும் வேற வேற வசனம் டீச்சர். ஒவ்வொண்ணாப் பார்த்தா ரெண்டும் சரிதான்."

அண்ணன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார், சத்தம் போடாமல், மரியாதையாக: "வசனம் ரெண்டுங்க. நான் ஒரு ஆளுதானுங்களே."

அதிபர் பிஸ்கட் தட்டை இந்தப் பக்கம் நகர்த்தி, மறுபடியும் அந்தப் பக்கம் நகர்த்தினார். அதிகாரி கடிதத்தைத் திரும்பக் கேட்டார். இந்த முறை மெதுவாக வாசித்தார், சிங்களத்தையும் தமிழையும் மாற்றி மாற்றி, ஒன்றிலாவது வேறு மாதிரி இருக்குமா என்று பார்ப்பவர் போல. பிறகு போனில் படம் எடுத்துக்கொண்டார். "இது என் பகுதி இல்லை. ஆனாலும் சொல்லிப் பார்க்கிறேன்" என்றார். போகும்போது அண்ணனின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அவர் சொல்லிப் பார்த்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

அன்று பாடசாலை விட்டு லயத்துக்கு வந்ததும் நேரே பன்னிரண்டாம் காம்பராவுக்குப் பின்னால் போனேன். வெடிப்பில் என் கை மணிக்கட்டு வரைக்கும் போனது. உள்ளே மண் ஈரமாக, குளிர்ந்து இருந்தது. இத்தனை வாரமாக நான் இல்லாத லயத்தின் இல்லாத காம்பராக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு காம்பரா தள்ளி நடந்து வந்து இதைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை மழை மறுபடியும் பிடித்தது. அம்மா மலையிலிருந்து நனைந்து வந்தவர், தலையைக்கூடத் துவட்டாமல் பன்னிரண்டாம் காம்பராவுக்குப் போனார். அண்ணன் கடிதத்தைக் காட்டினாராம். வெளியேறினால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும் என்றாராம்.

"பேரு பட்டியல்ல இருக்கட்டும். ஆளு எங்க வீட்டுக்கு வாங்க" என்று அம்மா அவர்களின் அரிசி வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். அரிசி போன பிறகு மற்றவர்கள் என்ன செய்வார்கள்? அண்ணனும் அண்ணியும் இரண்டு பெண் பிள்ளைகளும் பின்னாலேயே வந்தார்கள். பட்டியலுக்காக அண்ணன் ஒரு தந்திரம் செய்தார். பழைய வேட்டியையும் சட்டையையும் பன்னிரண்டாம் காம்பரா வாசல் கொடியில் தொங்கவிட்டு வந்தார். யாராவது பார்க்க வந்தால் ஆள் இருப்பதாக நினைக்கட்டும் என்று.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திட்டு இறங்கியது. பெரிய சத்தம்கூட இல்லை. லொறியிலிருந்து மணல் கொட்டுவது போல் இருந்தது. பின் சுவரும் அடுப்பங்கரையும் மண்ணுக்குள் போயின. கொடியில் வேட்டி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு என் கையை இறுக்கிப் பிடித்தார். அவருடைய நகம் பதிந்த தடம் சாயங்காலம் வரைக்கும் இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாரும் வந்தார்கள். கடிதம் அனுப்பிய காரியாலயத்திலிருந்தும் ஒருவர் வந்து, மண்ணைப் பார்த்து, அண்ணன் கடிதத்தின் முதல் வசனத்தைப் பின்பற்றியதற்காகப் பாராட்டினார். இரண்டாம் வசனத்தைப் பற்றிப் பேசவில்லை. அம்மா மட்டும், "அதையும் பின்பத்தியிருந்தா உங்களுக்கு மாலை வாங்குற வேலை வந்திருக்கும்" என்றார். வந்தவருக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்காதது போல் இருந்துவிட்டார்.

எங்கள் காம்பராவில் ஆறு பேரும் பதினொரு நாள் இருந்தோம். நடுவில் சேலையைக் கட்டித் தடுத்தோம். முடிவில்லாத லயத்தைப் படைத்த எனக்குக் காலை நீட்ட இடமில்லை. பிறகு தோட்டத்தில் பூட்டிக் கிடந்த மருந்து வைத்திருந்த பழைய கொட்டடி அறையைத் தற்காலிகமாக அவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். அந்தத் தற்காலிகம் இப்போது மூன்றாவது வருடத்தில் நடக்கிறது.

என் விசாரணையின் முடிவு நான்கு மாதம் கழித்து வந்தது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை, இருந்தாலும் ஆசிரியை இனிமேல் முடிவுள்ள எண்களை மாத்திரம் பயன்படுத்த வேண்டும். அதிபர் அதை வாசித்துவிட்டு, "எதுவரைக்கும் பயன்படுத்தலாம்னு போடலையே டீச்சர்" என்று கவலைப்பட்டார். அவர் போன வருடம் ஓய்வு பெற்றார். அவருக்கான பிரியாவிடையில் கேக் இருந்தது. நாள் முன்கூட்டியே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அண்ணனுக்கு வீட்டு நிலம் கிடைத்துவிட்டது. ரோட்டுக்கு மேலே, திட்டில்லாத நல்ல சமதரை. இதுவரை மூன்று தடவை அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெரியவர்கள் வந்தார்கள். முன்னால் வந்தவர் நாட்டிய கல்லின் மேல் பின்னால் வந்தவர் நாட்ட மாட்டாராம். அதனால் மூன்று கல், மூன்று மூலையில். தோட்டத் தலைவர் மூன்றுக்கும் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். மூன்றாவது தடவை அண்ணியின் பிள்ளைகள் தட்டில் பூவை வைத்துக்கொண்டு, எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலேயே சரியான இடத்தில் போய் நின்றார்கள்.

போன மாதம் பாடசாலை விட்டு வரும்போது அந்த நிலத்தில் அண்ணன் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். கல் மூன்றையும் சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்டியிருந்தார். அவரை போல் காய்க்கும் போஞ்சிக் கொடி இடுப்பளவுக்கு ஏறியிருந்தது.

"எந்தக் கல்லுல வீடு கட்டப் போறாங்களாம்ண்ணே?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும் தங்கச்சி? நிலம் சும்மாக் கிடக்குதேன்னு போட்டேன். நல்ல மண்ணு." ஒரு பை நிறையப் பறித்துக் கையில் கொடுத்தார்.

அம்மா அன்று அதைத் தேங்காய்ப்பால் விட்டு ஆக்கினார். கொஞ்சம் முற்றல், நார் விழுகிறது என்றார். அடுத்த தடவை பிஞ்சாகப் பார்த்துப் பறிக்கச் சொல்லு என்றார்.